மௌனமும் மோசடியாகுமா?



வியாபாரத்தில் பொய் சொல்லலாகாது என்பது நம்மில் எல்லோரும் அறிந்த விஷயம். அதை எழுதுவதற்கு ஒரு கடைக்காரன் பேனாவைப் பிடிக்க வேண்டியதில்லை. சிறு வயதில் மதரஸாவில் உஸ்தாத் சொல்லிக் கொடுத்ததே நம் ஆயுளுக்குப் போதும். ஆனால் பொய் சொல்லாமலே, வாயைத் திறக்காமலே, ஒருவரை ஏமாற்ற முடியுமா? சரக்கில் உள்ள குறையைத் தெரிந்துகொண்டு, கேட்டால் சொல்லலாம் என்று சும்மா இருந்துவிட்டால் அது குற்றக் கணக்கில் சேருமா, சேராதா? இந்தக் கேள்வி எனக்குக் கடையில் தோன்றவில்லை. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று இரவு தோன்றியது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அதிகம் படித்தவன் அல்லன். பிழையிருப்பின் பொறுத்துக்கொள்க.

எனக்கு இப்போது 47 வயது. 19 வயதில் பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்து, பிறகு சொந்தத்தில் சிறு கடை வைத்து, இந்த 28 வருஷமாக அரிசி மூட்டையும் சீனி மூட்டையும் தூக்கியே காலம் கழித்தவன். அதன் பலனாக முதுகு பழுதாகிவிட்டது. இடுப்பில் தொடங்கும் வலி கால் வரை இழுத்துப் பிடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்து தொழும் நிலைமை வந்ததும் வீட்டார் என்னை முதுகெலும்பு டாக்டரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் படம் எடுத்துப் பார்த்தார். கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்றார். வலி பொறுக்க முடியாமற் போனால் அந்த இரண்டு எலும்புகளையும் ஒன்றாக இணைக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம் என்றார். இணைப்பதற்கு இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பதுண்டு என்றும், சில தேசங்களில் எலும்பை வளரச் செய்யும் ஒரு புரதத்தை வைப்பதுமுண்டு என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் மூத்த மகளிடம் இதைச் சொன்னேன். அவள் தாதிப் பயிற்சி பெறுகிறாள். ஆங்கிலத்தில் உள்ளதைப் படித்து எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்லக் கூடியவள். நான் அவளிடம் முதலில் கேட்ட கேள்வி, “அந்தப் புரதத்தை எதிலிருந்து எடுக்கிறார்கள்?” என்பதுதான். நம்மவர் யாராயினும் முதலில் இதைத்தானே கேட்போம். அவள் இரண்டு நாள் படித்துவிட்டு வந்து பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, “அத்தா, நீங்கள் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்க வேண்டும். அது நல்லதென்று சாட்சி சொன்னவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும்” என்றாள். அந்த இரண்டாவது கேள்வி என்னை இன்றளவும் விட்டபாடில்லை.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். தேய்ந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் ஒரு சிறு கூண்டை வைத்து, அதற்குள் எலும்புத் துண்டுகளை நிரப்புகிறார்கள். நாளடைவில் அந்தத் துண்டுகள் மேலெலும்பையும் கீழெலும்பையும் பற்றிக்கொண்டு வளர்ந்து, இரண்டும் ஒரே எலும்பாகிவிடும். அசைவு நின்றால் வலி குறையும் என்பது எண்ணம். இதற்கு வேண்டிய எலும்பை நோயாளியின் சொந்த இடுப்பிலிருந்தே வெட்டி எடுப்பது பழைய வழக்கம். அதனால் உடம்பில் இன்னொரு காயம் ஏற்படுகிறது. முதுகு தேறிய பிறகும் இடுப்பு வலி நெடுநாள் தொடர்ந்தவர்கள் உண்டு. ஆகவே இடுப்பை வெட்டாமல் எலும்பு வளர்க்க வழியுண்டா என்று வைத்தியர்கள் தேடியது நியாயமே.

அந்த வழியைக் காட்டியவர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து எலும்பு வைத்தியர் மார்ஷல் யூரிஸ்ட் என்பவர். எலும்பை அமிலத்தில் ஊறவைத்து அதன் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, மிஞ்சியதை முயல், எலி முதலிய பிராணிகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்பே இருக்கக் கூடாத தசைக்குள் புதிய எலும்பு உண்டாயிற்று. இதை 1965 இல் பிரசுரித்தார். எலும்புக்குள் ஏதோ ஒரு புரதம் இருந்துகொண்டு, “இங்கே எலும்பு உண்டாகட்டும்” என்று உடம்புக்குக் கட்டளையிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அந்தப் புரதம் எலும்பில் அதிசொற்பமாகவே உண்டு. 1988 இல் வேறு விஞ்ஞானிகள் அதன் மரபணுவைக் கண்டுபிடித்த பின்னரே ஏராளமாகச் செய்ய வழி பிறந்தது. மனித மரபணுவை ஹாம்ஸ்டர் என்னும் சீன எலி வகையின் உயிரணுக்களில் புகுத்தி, அந்த உயிரணுக்களைக் கொண்டே புரதத்தைச் சுரக்கச் செய்கிறார்கள். சுரந்ததைச் சுத்தம் செய்து, மாட்டுக் கொலாஜனால் ஆன பஞ்சில் நனைத்து, கூண்டுக்குள் வைக்கிறார்கள்.

எலி வகை என்றும் மாடு என்றும் கேட்டவுடன் என் மனம் தயங்கியது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். மாட்டை அறுத்த விதம் என்ன, உருமாறிய பொருளுக்குச் சட்டம் என்ன, வேறு வழி இருக்கையில் ஒரு சட்டமும் இல்லாதபோது வேறு சட்டமுமா என்பவையெல்லாம் ஆலிம்கள் தீர்க்க வேண்டியவை. தேவைப்படுவோர் தத்தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். மிட்டாய்ப் பொட்டலத்தைக்கூடத் திருப்பிப் பார்த்து, உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துவிட்டே கடையில் அடுக்குகிற நாம், பொருள் விஷயத்தில் குறை வைப்பதில்லை. ஆனால் அந்தப் பொருளை விற்கும் சொல் எதிலிருந்து வந்தது, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா?

என் மகள் விளக்கியது இதுதான். மெட்ரானிக் என்னும் பெரிய கம்பெனி இந்தப் புரதத்தை இன்ஃப்யூஸ் என்ற பெயரில் வெளியிட்டது. 2002 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி வழங்கியது. அந்த அனுமதி குறுகியது. கீழ் முதுகில், ஓர் இணைப்புக்கு மட்டும், வயிற்றுப் பக்கமாகத் திறந்து, குறிப்பிட்ட டைட்டானியம் கூண்டோடு சேர்த்து உபயோகிக்கலாம் என்பதே அது. ஆயினும் அமெரிக்கச் சட்டப்படி, அனுமதி பெற்ற சாமானை டாக்டர் தம் அறிவுக்கு எட்டியபடி வேறு இடத்திலும் உபயோகிக்கலாம். அப்படியே முதுகுப் பக்கமாகவும் கழுத்திலும்கூட உபயோகித்தார்கள். அந்த நாட்டில் 2002 இல் நடந்த முதுகெலும்பு இணைப்புகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த இதன் உபயோகம், 2006 இல் நூற்றுக்கு ஏறத்தாழ 25 ஆக உயர்ந்துவிட்டது.

நான்கே வருஷத்தில் ஒரு சரக்கு இவ்வளவு வேகமாக ஓடுகிறதென்றால், வாங்குகிறவர்களுக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். இங்கே வாங்குகிறவர் யார்? டாக்டர். அவருக்கு நம்பிக்கை தந்தது எது? வைத்தியப் பத்திரிகைகளில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள். கம்பெனியின் ஆதரவில் நடந்த 13 ஆராய்ச்சிகளில் 780 நோயாளிகள் இந்தப் புரதத்தைப் பெற்றார்கள். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட இதனால் தீங்கு நேர்ந்ததாக அந்தக் கட்டுரைகள் குறிப்பிடவில்லை.

சகோதரர்களே, ஒரு கணம் நில்லுங்கள். 780 பேர், ஒரு குறையும் இல்லை. நம்மிடம் ஓர் ஏஜெண்டு வந்து, “780 மூட்டை அரிசி விற்றேன், ஒரு மூட்டையிலும் ஒரு வண்டுகூட இல்லை” என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? சிரித்துவிட்டு, மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்வோம். ஆனால் படித்தவர்கள் நிறைந்த உலகில் பல வருஷம் யாரும் மூட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. முதுகுப் பக்கமாகத் திறந்து செய்த ஒரு சோதனையில், நரம்பு செல்லும் குழாய்க்குள் வேண்டாத எலும்பு வளர்வதைக் கண்டு, 1999 இலேயே புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். எலும்பு வளரச் சொல்லும் புரதம் இடம் பொருள் அறியாது. கசிந்த இடத்திலெல்லாம் தன் கட்டளையைச் சொல்லும். கழுத்தில் வைத்தபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. இப்படிப்பட்ட 38 புகார்களாவது நான்கு வருஷத்தில் வந்ததாக 2008 ஜூலையில் உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. வயிற்றுப் பக்கமாகச் செய்த ஆண்கள் சிலருக்குச் சந்தான பாக்கியத்தைத் தடுக்கக்கூடிய கோளாறு கூடுதலாக நேர்ந்ததைக் கண்டு 2011 இல் ஒரு நிபுணர் எழுதினார். அதிக அளவு புரதம் கொண்ட இன்னொரு தயாரிப்புக்கு, புற்றுநோய் பற்றிய ஐயம் எழுந்ததால், அதே வருஷம் அனுமதி கிடைக்கவில்லை.

2011 ஜூனில் முதுகெலும்பு வைத்தியர்களின் பத்திரிகை ஒன்று ஒரு முழு இதழையே இந்த விஷயத்துக்கு ஒதுக்கியது. அதன் ஆசிரியர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து டாக்டர் யூஜீன் கராகி. அவரும் அவருடைய துணைவர்களும் அந்த 13 ஆராய்ச்சிகளை அரசாங்கத்திடம் இருந்த தஸ்தாவேஜுகளோடும் பிற்பாடு வந்த விவரங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்யும் இடத்தைப் பொறுத்து நூற்றுக்கு 10 முதல் 50 பேர் வரை ஏதாவதொரு தீங்கு கண்டிருக்கலாம் என்று எழுதினார்கள். 2012 அக்டோபரில் அமெரிக்க செனட் சபையின் நிதிக் குழு தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. 1996 முதல் 2010 வரை அந்தக் கட்டுரையாசிரியர்களான டாக்டர்களுக்குக் கம்பெனி ஏறத்தாழ 21 கோடி டாலர் கொடுத்திருக்கிறது; கம்பெனியின் ஆட்களே கட்டுரைகளை எழுதுவதிலும் திருத்துவதிலும் கை வைத்திருக்கிறார்கள்; ஒரு கட்டுரையில் தீங்குகளின் முழுப் பட்டியலைப் போட வேண்டாம் என்று கம்பெனி ஊழியர் ஒருவர் யோசனை கூறியிருக்கிறார்; இடுப்பெலும்பு எடுப்பதால் உண்டாகும் வலியை வலியுறுத்தும் வாசகங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்றெல்லாம் அந்த அறிக்கை கூறிற்று. கம்பெனியோ, தான் முறைகேடாகக் கட்டுரைகளை வளைக்கவில்லை என்று பலமாக மறுத்தது. கொடுத்த பணத்தில் கண்டுபிடிப்புகளுக்கான பங்குப் பணமும் ஆலோசனைக் கூலியும் உண்டு. நியாயம் பேசுகிறவன் இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் உறைத்தது அந்த இடுப்பெலும்பு விஷயம். போட்டிச் சரக்கின் குறையை உரத்துச் சொல்லி, தன் சரக்கின் குறையைத் தாழ்ந்த குரலில் சொல்வது. பக்கத்துக் கடைத் தேங்காய் அழுகல் என்பதை வாடிக்கைக்காரரிடம் ஞாபகமாகச் சொல்வோம். நம் கடைத் தேங்காயைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. சொன்னது பொய்யில்லை. ஆனாலும் மொத்தத்தில் அவர் மனத்தில் பதிந்தது பொய்.

அந்த டாக்டர்கள் எல்லோரும் கெட்டவர்களா? நான் அப்படி எண்ணவில்லை. கணக்குப் புத்தகம் எழுதுகிற நமக்கு ஒன்று தெரியும். நஷ்டத்தை ஒளிப்பதற்குச் சிட்டையைக் கிழிக்க வேண்டியதில்லை. வேறு பற்றில் எழுதினாலே போதும். தொண்டை வீங்கியதா? “அது ஆபரேஷனால் வந்தது.” கால் வலித்ததா? “அது பழைய நோயின் மிச்சம்.” எலும்பு வளர்ந்ததா? “படத்தில் தெரிகிறது, நோயாளி அதைப் பற்றி முறையிடவில்லையே.” ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பற்றில் எழுதிய பிறகு, புரதத்தின் பக்கத்தில் எழுத ஒன்றும் மிஞ்சாது. எழுதியவரின் மனச்சாட்சியும் உறங்கிவிடும். கூலி கொடுப்பவரின் முகம் எதிரே இருக்கையில், சந்தேகத்துக்குரிய தொகையை எந்தப் பற்றில் எழுதுவது என்று கை தானாகவே தீர்மானித்துவிடுகிறது. பெரும்பாலான மோசடி கெட்ட எண்ணத்தில் தொடங்குவதில்லை என்பது என் அனுபவம். சின்ன மௌனங்கள் கூடிக் கூடி அது உண்டாகிறது.

சிலர் கேட்கலாம்: “தன் சரக்கின் குறையைத் தானே தம்பட்டம் அடிக்கிற வியாபாரி உண்டா? வாங்குகிறவன் அல்லவா பார்த்து வாங்க வேண்டும்?” பார்க்கக் கூடிய பொருளுக்கு இது ஓரளவு பொருந்தும். கருவாட்டை முகர்ந்து பார்க்கலாம். பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். ஆபரேஷன் மேசையில் மயக்க மருந்து கொடுத்துக் குப்புறவோ மல்லாந்தோ கிடக்கிறவன் எதை முகர்ந்து பார்ப்பான்? அவனுக்காக டாக்டர் பார்க்கிறார். டாக்டருக்காகப் பத்திரிகை பார்க்கிறது. பத்திரிகைக்காகப் பார்த்தவர் விற்பவரிடம் கூலி வாங்கியவர். கடைசியில் நோயாளிக்காகப் பார்த்தவர் ஒருவருமில்லை. வாங்குகிறவன் கண்ணால் காண முடியாதது எவ்வளவோ, விற்கிறவன் வாயால் சொல்ல வேண்டிய கடமையும் அவ்வளவு. இதுவே நான் கண்ட முடிவு.

“உழைத்தவர் கூலி வாங்குவது குற்றமா?” என்றும் கேட்கலாம். குற்றமில்லை. கண்டுபிடித்தவர் பங்கு பெறட்டும், ஆலோசனை சொன்னவர் கூலி பெறட்டும். தரகர் கமிஷன் வாங்குவதை நாம் குறை சொல்வதில்லை. ஆனால் அந்தத் தரகரே எடை போடுபவராகவும் உட்கார்ந்து, தாம் யாருடைய ஆள் என்பதையும் மறைத்தால், வாங்குகிறவன் அவரைத் தராசு என்றல்லவா நம்புவான்?

“பலருக்கு நன்மை செய்த மருந்தாயிற்றே” என்பது மூன்றாவது வாதம். உண்மைதான். இடுப்பைக் கீறாமல் எலும்பை இணைப்பது சிறிய நன்மை அல்ல. எலும்பு எளிதில் சேராதவர்களுக்கு இன்றும் இது உபயோகமாகிறது. அந்த நன்மைக்கும் மௌனம் தீங்கே செய்தது. குறையை முதலிலேயே சொல்லியிருந்தால், கழுத்தில் வேண்டாம், இந்த அளவுக்கு மேல் வேண்டாம், இன்னாருக்குத்தான் பொருந்தும் என்று வகுத்து உபயோகித்திருப்பார்கள். மறைத்துப் பின்னர் வெளிப்பட்டதால், நல்ல இடத்திலும் அதைப் பார்த்துச் சந்தேகப்படும் நிலைமை வந்துவிட்டது.

இவ்வளவும் அமெரிக்கர்களைப் பற்றி. இனி என்னைப் பற்றிச் சொல்லாவிட்டால் நானும் மௌனக்காரர்களில் ஒருவனாவேன்.

சில வருஷங்களுக்கு முன் மூட்டு வலி எண்ணெய் ஒன்றை ஓர் ஏஜெண்டு என் கடைக்குக் கொண்டுவந்தார். பத்து டஜன் எடுத்தால் ஒரு டஜன் இனாம். நானும் எடுத்தேன், நன்றாக ஓடியது. முதல் மாதத்திலேயே இரண்டு பேர் வந்து, தேய்த்த இடத்தில் எரிச்சல் கண்டதாகச் சொன்னார்கள். “சிலருக்கு அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்று நானே வைத்தியன்போல் பதில் சொல்லி அனுப்பினேன். மூன்றாவதாக வந்தவர் எங்கள் வட்டாரத்துப் பாட்டியம்மா ஒருவர். என் கடை திறந்த நாள் முதல் வாடிக்கைக்காரர். “முழங்கால் குடையுது பாய், எது நல்லதுன்னு பாத்துக் குடு” என்றார். நான் அந்த எண்ணெயை எடுத்துக் கொடுத்தேன். அந்த இரண்டு பேரின் நினைவு அப்போது எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். பத்தாவது டஜனுக்கு இன்னும் நாலு போத்தலே பாக்கி என்பதும் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

நாலு நாள் கழித்து முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். தோல் கொப்பளித்துப் போயிருந்தது. நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கிளினிக் செலவையும் கொடுத்தேன். அவர் சண்டை போடவில்லை. “நீ சொன்னியேன்னுதான் வாங்கினேன் பாய்” என்றார், அவ்வளவே. இன்றும் என் கடைக்கு வருகிறார். அரிசியும் பருப்பும் வாங்குகிறார். ஆனால் “எது நல்லது?” என்று மட்டும் கேட்பதில்லை. கையை நீட்டி, “அதைக் குடு” என்கிறார். ஒரு வியாபாரிக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் உண்டா? எந்தப் பேரேட்டில் இதை எழுதுவேன்?

மதரஸாவில் நாம் எல்லோரும் கேட்ட சம்பவம் ஒன்று உண்டு. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்க்க, உள்ளே ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கண்டித்தார்கள். அந்த வியாபாரி பொய்யாக ஒரு வார்த்தையும் பேசியதாகக் கதையில் இல்லை. நனைத்ததும் அவரல்லர், மழை. ஈரம் கீழே இருந்தது, அவர் பேசாதிருந்தார். அதுவே குற்றமாயிற்று. இந்தச் சம்பவத்தை எட்டு வயதில் கேட்டேன். அதன் பொருள் எனக்குப் பாட்டியம்மாவின் முழங்காலைப் பார்த்தபோதுதான் விளங்கிற்று.

ஈரத்தை மேலே வைப்பது எப்படி என்பதையும் இந்தப் புரதத்தின் கதையே காட்டுகிறது. கூச்சல் எழுந்த பிறகு, 2011 ஆகஸ்டில், அதே கம்பெனி தன்னிடம் இருந்த சோதனை விவரங்கள் அனைத்தையும் யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கச் சம்மதித்து, பரிசோதனைச் செலவுக்கு 25 லட்சம் டாலரும் கொடுத்தது. அமெரிக்காவில் ஒரு குழுவும் இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவும் தனித்தனியே கணக்குப் பார்த்து, 2013 ஜூனில் முடிவை வெளியிட்டன. இடுப்பெலும்பை வைப்பதைவிட நோயாளியின் வலியில் பெரிய நன்மை எதையும் இரு குழுவும் காணவில்லை. புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடியிருக்கலாம், ஆனால் மொத்தத்தில் அது சொற்பமே என்றன. விற்றவரே தராசைப் பிறர் கையில் கொடுத்தது பாராட்டத்தக்கது. காலம் கடந்து கொடுத்தார்கள் என்பதே வருத்தம். கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று 2010 இல் அமெரிக்காவில் சட்டம் வந்து, 2014 முதல் யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்றாயிற்று. நம் கடைத் தராசுக்கு வருஷந்தோறும் அதிகாரிகள் முத்திரை போடுகிறார்களே, அதைப் போன்றதுதான் இதுவும். நம்மைத் திருடன் என்று எண்ணியா முத்திரை போடுகிறார்கள்? நல்லவன் தராசும் தேயும் என்பதால் போடுகிறார்கள்.

நான் மறுபடி டாக்டரிடம் சென்றபோது மகள் எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகளைக் கொண்டு போனேன். இந்தப் பொருள் என் முதுகில் எந்த இடத்துக்கு, எந்த முறைக்கு அனுமதிக்கப்பட்டது? நூறு பேரில் எத்தனை பேருக்கு என்ன தீங்கு கண்டார்கள்? நல்லதென்று நிரூபித்தவர்களுக்குச் செலவு செய்தவர் யார்? கேட்கும்போது என் குரல் நடுங்கியது. பெரிய படிப்புப் படித்தவரை மளிகைக்காரன் கேள்வி கேட்பதா என்ற கூச்சம். அவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் விளக்கினார். எனக்கு ஆபரேஷன் தேவைப்பட்டால் இடுப்பெலும்பே போதும் என்றார். அதற்கு முன் ஆறு மாதம் உடற்பயிற்சி செய்து பார்க்கலாம், மூட்டை தூக்குவதை அடியோடு விட வேண்டும் என்றார். இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. வலி போகவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. கேள்வி கேட்டதால் அவர்மேல் என் நம்பிக்கை கூடிற்றே தவிரக் குறையவில்லை. நல்லவரை நாம் கேட்கும் கேள்வி அவமதிப்பதில்லை என்று கற்றுக்கொண்டேன்.

ஆகவே, மௌனமும் மோசடியாகுமா என்ற கேள்விக்கு என் பதில்: எல்லா மௌனமும் ஆகாது. மற்றவர் நம்மை நம்பித் தம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது, நமக்குத் தெரிந்ததைச் சொல்லாதிருந்தால் ஆகும். அதற்குக் கூலியும் வாங்கியிருந்தால் இரட்டிப்பாக ஆகும்.

என் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இனாம் சரக்குக்காக நான் எடுத்து வைத்திருக்கும் சாமானை யாராவது நல்லதா என்று கேட்டால், “இதில் எனக்குக் கூடுதல் லாபம் உண்டு, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டே அபிப்பிராயம் சொல்கிறேன். முதலில் சிப்பந்திகள் சிரித்தார்கள். சில சாமான்களின் விற்பனை குறைந்ததும் உண்மை. போன வாரம் பாட்டியம்மா வந்து கையை நீட்டி ஒரு தைலத்தைக் காட்டினார். “பாட்டி, அதில் எனக்கு இனாம் உண்டு. ஒருத்தருக்குத் தோல் எரிந்ததாகவும் சொன்னார்கள்” என்றேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்போ வேணாம். அரிசி மட்டும் போடு” என்றார். பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், திரும்பி நின்று, “காலுக்குத் தேங்காயெண்ணெய் சுட வெச்சுத் தேய்க்கலாமா பாய்?” என்று கேட்டார்.

வெகு நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தெரியாது, கிளினிக்கில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.